மூன்றாவது குழாய்

பூனையின் ரத்தம் உறைய எவ்வளவு நேரம் ஆகும் என்று என்னைக் கேளுங்கள், சொல்கிறேன். ஆரோக்கியமான பூனை என்றால், சுத்தமான கண்ணாடிக் குழாயில் பிடித்து வெதுவெதுப்பான தண்ணீரில் நிறுத்தினால், ஏழெட்டு நிமிஷம். அதிரசப் பாகுக்கு எத்தனை நிமிஷம் என்று கேட்டால் எனக்கு இன்றைக்கும் தடுமாறும். இது தடுமாறாது. இதைச் சொன்னால் என் மருமகள் விழுந்து விழுந்து சிரிப்பாள். "அத்தை, அந்தக் காலத்துல உங்களுக்கு வேற வேலையே இல்லையா?" என்பாள். வேலைக்கு என்ன குறைச்சல்? நிறைய இருந்தது. ஆனால் அந்த ஒரு வேலையில் நான் செய்த காரியத்தால் ஒரு உயிர் போயிற்று. பூனை உயிர்தானே என்று யாராவது சொல்லிவிட்டால் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அதனாலேயே இதை என் கணவரைத் தவிர யாரிடமும் சொன்னதில்லை.

ஐம்பதுகளின் நடுவில் என் கணவர் சங்கரன்கோவிலில் மாட்டு டாக்டராக இருந்தார். நான் மாட்டு டாக்டரம்மா. ஊரில் எல்லாரும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். கல்யாணமாகி வந்த புதிதில், காய்கறிக்காரி தெருவில் நின்று "மாட்டு டாக்டரம்மோவ்" என்று கத்தியபோது, "மாடு உங்க வீட்ல இருக்கு, நான் மனுஷி" என்று நானும் கத்தினேன். அவள் சிரித்துக்கொண்டே இரண்டு கத்தரிக்காய் கூடப் போட்டுவிட்டுப் போனாள். குருவிகுளத்துப் பக்கமிருந்து ஆடு வரும், ராயகிரியிலிருந்து உழவு மாடு வரும். பூனையைத் தூக்கிக்கொண்டு ஒருவரும் வந்ததில்லை. அந்த வருஷம்தான் வந்தார்கள்.

நாங்கள் குடியிருந்தது நெசவாளர் தெருவில். பாவு நூலுக்குக் கஞ்சி போட்டுக் காயவைத்துத் தறியில் ஏற்றுவார்கள். கஞ்சி வாசனைக்கு எலி வரும். ஒரு ராத்திரியில் பாவைக் கடித்து நூல் நூலாக்கிவிட்டுப் போய்விடும், பத்து நாள் உழைப்பு பாழ். அதனால் அந்தத் தெருவில் தறி இல்லாத வீட்டைக்கூடப் பார்க்கலாம், பூனை இல்லாத வீட்டைப் பார்க்க முடியாது. எதிர் வீட்டுக்காரியிடமும் ஒன்று இருந்தது. பெட்டைப் பூனை. கறுப்பும் செம்பட்டையுமாகத் திட்டுத் திட்டாக இருக்கும், வால் நுனி மடங்கியிருக்கும். எதிர் வீட்டுக்காரிக்குப் பிள்ளை இல்லை. பூனையை "மக்கா" என்று கூப்பிடுவாள். என்னை "யக்கா" என்பாள். எனக்கும் அவளுக்கும் வயது ஒன்றுதான், ஆனால் டாக்டர் பெண்டாட்டியைப் பேர் சொல்லிக் கூப்பிட அவளுக்கு வாய் வரவில்லை.

அந்த வருஷம் தை மாதம் எனக்கு ஐந்தாம் மாதத்தில் கரு கலைந்தது. ரத்தம் நிற்கவில்லை. மூன்று நாள். பாட்டம் பாட்டமாகத் துணி மாற்றிக்கொண்டு கிடந்தேன். என் அம்மா வந்து சேர நாலு நாள் ஆயிற்று. அதுவரை என் துணியை அலசியவள் எதிர் வீட்டுக்காரிதான். முகம் சுளிக்கவில்லை. இரண்டாம் நாள் கோயிலுக்குப் போய் அம்மன் சந்நிதியிலிருந்து புற்றுமண் வாங்கி வந்தாள். ஒரு சிட்டிகையை நாக்கில் போட்டாள், மிச்சத்தைத் தண்ணீரில் குழைத்து என் அடிவயிற்றில் பூசினாள். "நின்னுரும்க்கா. ஆத்தா பாத்துக்கிடுவா" என்றாள். மறுநாள் நின்றது. லேடி டாக்டர் போட்ட ஊசியால் நின்றதா, தானாக நின்றதா என்றெல்லாம் என் கணவர் யோசித்திருப்பார். எனக்கு அந்த மண்ணால்தான் நின்றது. நான் படுத்திருந்த நாட்களில் அவள் பூனை என் காலடியில் வந்து சுருண்டு கிடந்தது. விரட்டினாலும் போகாது. அந்தச் சூட்டில்தான் தூங்கினேன்.

சித்திரையில் தெருப் பூனைகள் சாக ஆரம்பித்தன. நன்றாக ஓடியாடிய பூனை ஒருநாள் சாப்பிடாது, மறுநாள் மூச்சு வாங்கும், மூக்கில் ரத்தம் வரும், முடிந்தது. யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்று தெருவில் பேச்சு. என் கணவர் இரண்டு நாள் தெருவைச் சுற்றி வந்து கண்டுபிடித்தார். பக்கத்துத் தெருவில் நூல் மூட்டை அடுக்கிவைக்கிற கிட்டங்கியில் புது எலி மருந்து வைத்திருந்தார்கள். சீமை மருந்து. பழைய பாஷாணம் மாதிரி தின்ற இடத்திலேயே எலி சாகாது. நாலைந்து நாள் தள்ளி, ரத்தம் உறைகிற சக்தி போய், உள்ளுக்குள்ளேயே ரத்தம் கசிந்து சாகும். அதற்குள் எலி தள்ளாடும், தள்ளாடுகிற எலியைப் பூனை லேசாகப் பிடித்துத் தின்னும். ஒன்று இரண்டு என்றால் பரவாயில்லை, தினமும் தின்றால் எலிக்கு வந்தது பூனைக்கும் வரும் என்றார். கிட்டங்கிக்காரரிடம் சொன்னதும் அவர் பயந்துபோய் மருந்தை எடுத்துவிட்டார். ஆனால் தின்ற பூனை தின்றதுதானே?

எந்தப் பூனைக்கு விஷம் ஏறியிருக்கிறது, எதற்கு இல்லை என்று கண்டுபிடிக்க வேண்டும். மெட்ராஸில் தனக்குச் சொல்லிக்கொடுத்த வாத்தியாருக்கு என் கணவர் எழுதினார். அவர் முறையைத் தாளில் எழுதி அனுப்பினார், கூடவே ஆறு கண்ணாடிக் குழாய்களும் வந்தன. எங்கள் சமையலறைக்குப் பின்னால் இருந்த அறைதான் ஆராய்ச்சிச்சாலை. பூனையைச் சாக்குக்குள் விட்டு முன்னங்காலை மட்டும் வெளியே இழுத்து நரம்பில் ஊசி குத்தி ரத்தம் எடுப்பார். முதலில் வருகிற சொட்டுகளைக் கொட்டிவிட வேண்டும், அதில் தசைநீர் கலந்திருக்கும். பிறகு மூன்று குழாய்களில் ஒவ்வொரு சிசி. பித்தளைப் பாத்திரத்தில் வெதுவெதுப்பான தண்ணீர், அதில் தெர்மாமீட்டர். சூடு குறைந்தால் நான் ஒரு கரண்டி வெந்நீர் விடுவேன். அவர் அரை நிமிஷத்துக்கு ஒரு தடவை முதல் குழாயைச் சாய்த்துப் பார்ப்பார். அது கவிழ்த்தாலும் சிந்தாத அளவுக்கு உறைந்த பிறகு இரண்டாவதைத் தொடுவார். அதற்குப் பிறகு மூன்றாவது. ஆட்டாமல் அசைக்காமல் இருந்தது அதுதான் என்பதால் மூன்றாவது குழாய் சொல்கிற நேரம்தான் கணக்கு. கடிகாரத்தைப் பார்த்து "அரை... ஒண்ணு... ஒண்ணரை" என்று சொல்வது நான்.

குழாய் கழுவுவதும் நான்தான். அவர் இதில் படுத்திய பாட்டைச் சொல்ல வேண்டும். சோப்பு, அப்புறம் சுடுதண்ணீர், அப்புறம் காய்ச்சி வடித்த தண்ணீர். வடித்த தண்ணீருக்கு எங்கே போவது? புளியங்குடிக்கு ஓடுகிற பஸ்காரர்கள் பேட்டரிக்கு ஊற்ற வைத்திருந்ததில் ஒரு புட்டி வாங்கி வந்தார். "ஏட்டி, ஒரு தூசி இருக்கக் கூடாது. தூசி பட்டா ரத்தம் அதைப் பிடிச்சுக்கிட்டு சீக்கிரமா உறைஞ்சிரும். நமக்குத் தப்பாச் சொல்லும்." இதை ஒரு நாளைக்கு மூன்று தடவை சொன்னார். "சட்டி கழுவத் தெரியாதவளையா கட்டிக்கிட்டு வந்தீங்க?" என்று நான் எரிந்து விழுந்தேன். அப்படி நான் எரிந்து விழுந்த வார்த்தைதான் பிற்பாடு என்னையே சுட்டது.

முதலில் சோதித்தது சாக்கடை ஓரம் கிடந்த ஒரு தெருப் பூனையை. ஏழெட்டு நிமிஷம் ஆயிற்று, முதல் குழாய் உறையவில்லை. பத்து. இருபது. அரை மணி. ரத்தம் சாய்த்த பக்கமெல்லாம் தண்ணீராக ஓடியது. அவர் "பாத்தியா, பாத்தியா" என்று என்னிடம் காட்டினார், அவருக்கு நினைத்தது சரியாக இருந்த சந்தோஷம். நான் பின்கட்டுக்கு ஓடி வாந்தி எடுத்தேன். நிற்காத ரத்தத்தை நான் தை மாதமே பார்த்தாயிற்று. அவர் வெளியே வந்து, "ரத்த வாடை ஒத்துக்கலையா?" என்று கேட்டார். படித்த மனுஷன் கேட்கிற கேள்வியா இது? பூனை சாயங்காலம் செத்தது.

இதற்கு மருந்து உண்டு. கே வைட்டமின் ஊசி. அவரிடம் மூன்று குப்பி இருந்தன, வந்த பூனைகளுக்குப் போட்டதில் ஒன்று மிச்சம். திருநெல்வேலிக்குச் சொல்லியிருந்தார், சனிக்கிழமை பஸ்ஸில் வரும். அது வியாழக்கிழமை. அன்று காலையில்தான் எதிர் வீட்டுக்காரி பூனையை முந்தானையில் பொதிந்துகொண்டு வந்து நின்றாள்.

"யக்கா, நேத்துலருந்து பாலு குடிக்க மாட்டேங்கு. தூக்குனா துணி மாதிரி தொங்குது. டாக்டர் ஐயாகிட்ட சொல்லுங்கக்கா. மக்கா போயிட்டான்னா எனக்கு யாருக்கா இருக்கா?"

அவள் பின்னாலேயே காப்பிக் கடை அண்ணாச்சியும் வந்தார், ஒரு சாக்கில் தன் கடுவன் பூனையோடு. கன்னம் உப்பிய தடியன் பூனை. நான் காயவைத்த கருவாட்டைத் திருடித் தின்று வளர்ந்தது. அதுவும் முந்தின நாளிலிருந்து சாப்பிடவில்லை. என் கணவர் இரண்டின் வாயையும் திறந்து பார்த்தார். இரண்டுக்கும் ஈறு வெளுத்திருந்தது. இரண்டுக்கும் மூக்கில் ரத்தம் இல்லை.

"ஒரு குப்பிதான் இருக்கு. பாதிப் பாதியாப் போட்டா ரெண்டுக்குமே பத்தாது" என்றார் என்னிடம். "ரத்தம் பாத்திருவோம். எது உறையலையோ அதுக்குப் போடுதேன். மத்தது சனிக்கிழமை வரைக்கும் தாங்கும். குழாயைக் கழுவி எடுத்துட்டு வா."

இரண்டு பூனைக்கும் மூன்று மூன்று குழாய். மையால் எழுதினால் தண்ணீரில் அழிந்துவிடும் என்று குழாய் கழுத்தில் நூல் கட்டுவது எங்கள் வழக்கம். கடுவனுக்கு வெள்ளை நூல். பெட்டைக்குச் சிவப்பு நூல், எதிர் வீட்டுக்காரி தறியிலிருந்து நான் வாங்கி வைத்திருந்தது. ஆறையும் சோப்புப் போட்டு, சுடுதண்ணீர் விட்டு, பஸ்காரர் தண்ணீரில் அலசினேன். ஒரு தூசி இல்லை. சத்தியமாக இல்லை.

பிறகு மாடத்தில் இருந்த பொட்டலம் கண்ணில் பட்டது. அவள் எனக்குப் பூசியதில் மிச்சமிருந்த மண். என் ரத்தத்தை நிறுத்திய மண். இதோ, பக்கத்து அறையில் அவள் பூனை கிடக்கிறது, அதன் ரத்தம் நிற்க வேண்டும். நான் யோசித்தேனா என்றால், யோசிக்கவில்லை. கை போயிற்று. ஒரு சிட்டிகையை அந்த வடித்த தண்ணீரில் கரைத்து, சிவப்பு நூல் கட்டிய மூன்று குழாயிலும் ஊற்றி, "ஆத்தா, இதுக்கு ரத்தம் உறையணும்" என்று வேண்டிக்கொண்டு அலசிக் கொட்டினேன். குழாய் பார்ப்பதற்குச் சுத்தமாகத்தான் இருந்தது. வெள்ளை நூல் கட்டிய மூன்றுக்கும் ஊற்றவில்லை. கருவாட்டுத் திருடனுக்கு எதற்கு என்று நினைத்ததுகூட ஞாபகம் இருக்கிறது.

கடுவனின் ரத்தத்தை முதலில் பார்த்தார். இருபது நிமிஷம் ஆகியும் முதல் குழாயே ஓடிக்கொண்டிருந்தது. அடுத்து அவள் பூனை. சாக்குக்குள்ளிருந்து அது என்னைப் பார்த்தது, கத்தவில்லை. நான் நிமிஷம் சொன்னேன். நாலில் முதல் குழாய் உறைந்தது. ஐந்தரையில் இரண்டாவது. ஏழில் மூன்றாவது குழாயைத் தலைகீழாகக் கவிழ்த்தார், ஒரு சொட்டு விழவில்லை.

அவர் முகம் மலர்ந்து நான் பார்த்தது அந்த மாதத்தில் அதுதான் முதல் தடவை. "இதுக்கு ஒண்ணுமில்ல. ரத்தம் முத்து மாதிரி உறையுது. வேற ஏதோ வயித்துக் கோளாறு" என்றார். எதிர் வீட்டுக்காரி அவர் காலில் விழப்போனாள், நான் பிடித்து நிறுத்தினேன். எனக்குச் சந்தோஷத்தில் கண்ணீரே வந்துவிட்டது. என் வேண்டுதல் பலித்துவிட்டது என்று நினைத்தேன். ஐயோ, அந்த நினைப்பை என்ன சொல்ல! அம்மன் என் பேச்சைக் கேட்டுவிட்டாள் என்று உள்ளுக்குள் ஒரு கர்வம்கூட இருந்தது. மிச்சமிருந்த ஒரு குப்பி கடுவனுக்குப் போயிற்று.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அவள் வீட்டில் தறிச் சத்தம் நின்றது. ஓடிப் போனேன். பூனை தறிக்குழிக்குள் அவள் காலடியில் படுத்திருந்தது. வாயைத் திறந்து திறந்து மூச்சு விட்டது. என்னைப் பார்த்ததும் வால் நுனியை மட்டும் அசைத்தது. அவள் அதைத் தூக்கி என் மடியில் வைத்தாள். அங்கேயே முடிந்துபோயிற்று.

என் கணவர் அவளிடம் கேட்டு வாங்கிக்கொண்டு வந்து அறுத்துப் பார்த்தார். நெஞ்சுக்கூடு முழுக்க ரத்தம். உறையாத ரத்தம். கைகளைக் கழுவாமலே நின்றார். "ஏழு நிமிஷம். நானே கவுத்துப் பாத்தேன். நீயும் பாத்தேல்லா?" என்று கேட்டார். நான் தலையாட்டினேன். அவர் நோட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். "அப்போ இந்த முறையே தப்பு. இதை நம்பி ஊசியை மாத்திப் போட்டுட்டேன். அந்தப் பிள்ளைகிட்ட ஒண்ணுமில்லன்னு சொல்லி அனுப்பிட்டேனே. நான்லாம் ஒரு டாக்டரு..." என்றார். குழாயெல்லாம் உடைத்துப் போடப் போகிறேன், வாத்தியாருக்கு எழுதிவிடப் போகிறேன் என்றார். கண் கலங்கிவிட்டது அவருக்கு. மாடு செத்தால்கூடக் கலங்காத ஆள்.

என்னால் தாங்க முடியவில்லை. சொல்லிவிட்டேன். மண், வேண்டுதல், சிவப்பு நூல் எல்லாம். அடிப்பார் என்று நினைத்தேன், அடித்தால் நல்லது என்றும் நினைத்தேன்.

அவர் கேட்டது ஒன்றுதான். "மூணு குழாயிலயுமா?"

"மூணுலயும்."

எழுந்து போய் இரண்டு குழாயைத் தானே கழுவினார். ஒன்றில் மண் கரைத்து அலசினார், மற்றதை வெறுமனே வைத்தார். தன் கையிலேயே ஊசியைக் குத்தி இரண்டிலும் ரத்தம் பிடித்தார். "நிமிஷம் சொல்லு" என்றார். நானும் சொன்னேன், பைத்தியக்காரி மாதிரி. மண் போட்ட குழாய் பாதி நேரத்தில் உறைந்தது. அவர் அதை நோட்டில் எழுதினார். எனக்கு வந்ததே கோபம்! "ஒரு உயிர் போயிருக்கு, உங்களுக்கு எழுத்து கேக்குதா? மனுஷனா நீங்க?" என்று கத்தினேன். அவர் பேனாவை மூடி வைத்தார். "குழாய்க்குள்ள மண்ணுதான் உறைய வச்சிருக்கு. பூனைக்குள்ள உறையல. அவ்வளவுதான்ட்டி. முறை தப்பில்ல" என்றார். அவர் குரலில் என் மேல் கோபம் இல்லை. தன் மேல் பழி இல்லை என்கிற ஆறுதல்தான் இருந்தது. அந்த ஆறுதலுக்காக அவரை மன்னிக்க எனக்கு வெகுநாள் ஆயிற்று.

அவளிடம் நாமே போய்ச் சொல்லிவிட வேண்டும் என்று இரண்டு பேரும் பேசிக்கொண்டோம். சனிக்கிழமை ஊசி மருந்து பஸ்ஸில் வந்தது, ஒரு பெட்டி நிறைய. சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் அவளே வந்தாள். கண் வீங்கியிருந்தது. கையில் ஒரு பொட்டலம். காலையிலேயே கோயிலுக்குப் போய் வந்திருக்கிறாள்.

"யக்கா, நீங்க அன்னைக்கு எங்க வீட்ல அழுததப் பாத்தேன். ஒடம்பு ஒடஞ்சிரும்க்கா. இதைப் பூசிக்கிடுங்க." பொட்டலத்தை என் கையில் வைத்தாள். பிறகு அங்கேயே நிலைப்படியில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள். "என் புத்தியைச் செருப்பால அடிக்கணும்க்கா. வீட்லயே மண்ணு இருந்துச்சு. உங்களுக்குப் பூசத் தெரிஞ்சுச்சு எனக்கு, எம் மக்காவுக்கு இத்துணூண்டு வைக்கணும்னு தோணலயே. வச்சிருந்தா நின்னிருக்கும்லாக்கா? சொல்லுங்க, நின்னிருக்கும்லா?"

என் கணவர் உள் அறை வாசலில் நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்தார். இப்போது சொல் என்று பார்த்தாரா, சொல்லாதே என்று பார்த்தாரா, இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை. சொன்னால் அவள் மண்ணைக் குற்றம் சொன்ன மாதிரி ஆகும், அம்மனைக் குற்றம் சொன்ன மாதிரி ஆகும் என்று எனக்குள் என்னென்னவோ ஓடியது. எல்லாம் சாக்குதான். எனக்குப் பயம். என் ரத்தத் துணியை அலசியவள் என்னைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொள்வாளே என்ற பயம்.

"ஆமா" என்றேன். "நின்னிருக்கும்."

அவள் நெற்றியில் அடித்துக்கொண்டாள். ஒரு தடவை, இரண்டு தடவை, மூன்று தடவை. நான் அவள் கையைப் பிடிக்கவில்லை. என் கை முழுக்க மண் பொட்டலம் இருந்தது.